வன அளவியல் கற்பித்தலில் கலைச்சொல் மயக்கங்கள்

வன அளவியலைத் தமிழ்வழி கற்பிக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு சூத்திரங்களில் இல்லை, சொற்களிலேயே உள்ளது. நிற்கும் மரத்தைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பது இந்திய வழக்கம். நாலரை அடி என்னும் பழைய அளவின் மீட்டர் வடிவம் இது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இவ்வுயரம் 1.3 மீட்டர், ஆதலின் அயல்நூலைப் பெயர்ப்போர் சொல்லை மட்டுமன்றி எண்ணையும் நோக்குதல் வேண்டும். இந்நிலையை 'மார்பளவு' என்று பெயர்த்தால், தையற்கடை வழக்கை ஒட்டி மாணவர் அதனைச் சுற்றளவெனக் கொள்வர். 'மார்புயரம்' என்பதே பொருந்தும்.

'அடிப்பரப்பு' இன்னும் தொல்லை தருவது. மரத்தின் அடியிலுள்ள பரப்பு என்றே எவரும் பொருள்கொள்வர். உண்மையில் அது மார்புயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு. அடிமரம் பருத்து விரியுமாதலின், அங்கு அளப்பின் பரப்பு மிகையாகும்.

விட்டமும் சுற்றளவும் மயங்கின் கேடு பெரிது. 94 செ.மீ. சுற்றளவுடைய மரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ.; சுற்றளவையே விட்டமெனக் கொண்டால் பரப்பு பத்து மடங்கை நெருங்கும். மரவணிகத்தில் வழங்கிவரும் ஹாப்பஸ் முறை, சுற்றளவின் நான்கிலொரு பகுதியை இருபடியாக்கி நீளத்தால் பெருக்குவது. உருளைத் தண்டின் உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காட்டையே இது காட்டும். இதனைக் 'கால் சுற்றளவு முறை' என்றெழுதினால், காலின் சுற்றளவோ என்னும் ஐயம் எழும் (நகைப்பதற்குச் சொல்லவில்லை). 'நான்கிலொரு சுற்றளவு முறை' என்பது நீளமாயினும் இம்மயக்கத்திற்கு இடந்தராது.