மாமியின் அரிதட்டு

எழுபதுகளில் எங்கள் வத்தளை வீட்டில் மா என்றால் அவித்த மாதான். கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் வைத்து, சூடு ஆறுமுன் கட்டி உடைத்து, அரிதட்டில் அரிப்பார்கள். பிறகுதான் புட்டும் இடியப்பமும். "வண்டு கிடக்கோ எண்டு பார் பிள்ளை" என்பது மாமியின் தினசரிக் கட்டளை. வண்டும் புழுவும் அரிதட்டில் நின்றுவிடும், எடுத்து எறிவோம். மாவில் உள்ள கெடுதி கண்ணுக்குத் தெரியும் என்றே அன்று நம்பியிருந்தோம்.

அந்த மா எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டது? 1973இல் விடியப்புறமே பாண் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு றாத்தல் கிடைத்தாலே பெரிய காரியம். களனி கங்கைக்கு அக்கரையில், மட்டக்குளியில், சோவியத் உதவியோடு எழுந்த அரசாங்க மா ஆலை இருந்தது. என்றாலும் நாடு தின்ற மாவில் பெரும்பங்கு மாவாகவே கப்பலில் வந்திறங்கியது. தவிடு புறப்பட்ட நாட்டிலேயே நின்றுவிட்டது. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பிரிமா ஆலை ஓடத் தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. கோதுமை மணியாக வந்தது, இங்கே அரைபட்டது; தவிடும் இங்கேயே பிரிந்தது.

தவிட்டை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், கதை அதில்தான் இருக்கிறது. கோதுமை பூக்கும் நாட்களில் மழை விடாமல் பெய்தால் கதிரில் ஃபியூசாரியம் என்ற பங்கசு ஏறும். அது மணியில் விடும் நஞ்சுகளில் முக்கியமானது டியொக்சிநிவலெனோல். வாயில் நுழையாததால் ஆய்வுகூடத்தார் 'டொன்' என்பார்கள். பாணில் நாலாம் நாள் படரும் பச்சைப் பூஞ்சணம் வேறு, இது வேறு. இது வயலிலேயே ஏறி, கப்பலிலும் கூடவே வருவது. மாவில் அந்த நஞ்சை நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. அவித்தாலும் வெதுப்பினாலும் பெரிதாகக் குறையாது. நூடில்ஸ் அவித்த தண்ணீரை வடித்து ஊற்றினால் அதோடு ஒரு பங்கு போகும்; புட்டில் வடிக்க என்ன இருக்கிறது?

இதைத் தின்றால் என்ன நடக்கும்? 1987இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் அறுவடைக் காலத்து மழையில் நனைந்த கோதுமையின் மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்கள் வயிற்றுவலி, தொண்டை எரிச்சல், வயிற்றோட்டம் என்று படுத்தார்கள். ஹைதராபாத்தின் தேசிய போசாக்கு நிறுவக ஆய்வாளர்கள் அந்த மாவில் டொன்னும் அதன் உறவு நஞ்சுகளும் இருக்கக் கண்டு 1989இல் எழுதினார்கள்.

ஆலை இந்த நஞ்சை அழிப்பதில்லை. பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். முதல் வேலை துப்புரவு. பங்கசு பிடித்த மணி சூம்பி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி, எடை குறைந்திருக்கும். காற்றாலும் சல்லடையாலும், இப்போது நிறம் பார்க்கும் கமராவாலும் அதைக் கழிக்கிறார்கள். எங்கள் சுளகு செய்த வேலைதான். அடுத்து உருளைகள் தோலையும் உள்மாவையும் பிரிக்கும். நஞ்சு மேற்பக்கத்தில் செறிந்திருப்பதால் வெள்ளை மாவில் முழுமணியை விடக் குறையும், தவிட்டில் கூடும். சிலவேளை இரண்டு மடங்கும் அதற்கு மேலும். பங்கசு மணிக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் வெள்ளை மாவும் தப்பாது.

தவிடு முன்பு மாட்டுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் போனது. வத்தளையிலிருந்து நீர்கொழும்பைத் தாண்டியும் நீளும் இந்தக் கரையோரம் பன்றி வளர்ப்புக்குப் பேர்போனது. டொன்னை முதலில் கண்டுபிடிக்கும் பிராணியும் பன்றிதான்: தீனைத் தொடாது, கூடினால் வாந்தி எடுக்கும்.

இன்று அந்தத் தவிட்டை நாங்களே காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டுக்கு ஒருவருக்காவது சீனி வருத்தம். "வெள்ளை மாவைக் குறையுங்கோ" என்கிறார் டொக்டர். நீர்கொழும்பு வீதிக் கடைகளில் தவிடும் சேர்ந்த ஆட்டா மா பைகள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. நானும் ஆட்டா ரொட்டிக்காரன்தான், விடப்போவதில்லை. நார்ச்சத்தின் நன்மை அன்றாடம் கிடைப்பது. நஞ்சோ அந்தந்த வருட விளைச்சலைப் பொறுத்தது. ஆனால் தோலோடு தின்பவனுக்குத்தான் அந்தத் துப்புரவும் சோதனையும் கூடுதலாக வேண்டும். டொன்னுக்கு 2015இல் சர்வதேச உணவு நியம அமைப்பான கோடெக்ஸ் விதித்த எல்லை, கிலோவுக்குக் கோதுமை மணியில் 2 மில்லிகிராம், மாவில் 1, குழந்தைகளின் தானிய உணவில் 0.2. ஜா-எலையில் செய்யும் திரிபோஷா சத்துமாவில் அஃப்ளாடொக்சின் என்ற இன்னொரு பங்கசு நஞ்சு இருக்கிறது என்ற சர்ச்சை 2022இல் கிளம்பியபோதுதான் எங்கள் பக்கத்துத் தாய்மார் இப்படியான சொற்களை முதலில் கேட்டார்கள். அது சோளத்துப் பிரச்சினை. கோதுமையைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

தொண்ணூறைத் தொடும் மாமிக்கும் போன மாதம் ஆட்டா மாதான் வாங்கிக் கொடுத்தேன். பழைய அரிதட்டை எடுத்து அரிக்கத் தொடங்கினா. தவிடு முழுக்க மேலே நின்றது.

"மாமி, அதை எடுத்தால் பிறகென்ன ஆட்டா?"

"குப்பையெல்லோ இது" என்று கோழிக்குப் போட்டா.