வீரிய மாத்திரையும் கெம்பொங் மீனும்

2008-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த சில நோயாளிகள் மருத்துவர்களைத் திகைக்க வைத்தார்கள். நீரிழிவே இல்லாதவர்கள், ஆனால் ரத்தச் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. மே மாத இறுதிக்குள் அப்படி 150 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேர் நினைவிழந்தே கிடந்தார்கள்; நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மையைக் கூட்டும் என்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து அளவு மீறிக் கலந்திருந்ததுதான் காரணம். அந்த மாத்திரைகளில் ஒன்றின் பெயர் 'பவர் 1 வால்நட்'.

மருத்துவர்கள் கேட்டபோது பெரும்பாலோர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் ஊசலாடிய நேரத்திலும் வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. ஆண்களின் இனப்பெருக்க நலனில் மாத்திரையைவிட, நோயைவிட, இந்த வெட்கமே பெரிய தடை என்று நான் நினைக்கிறேன்.

மூன்று மாதக் கணக்கு

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு விரைமேல்நாளத்தில் தங்கி நீந்தும் பக்குவம் பெற இன்னும் ஒன்றிரண்டு வாரங்கள். ஆக, இன்றைய விந்தின் தரத்தில் கடந்த மூன்று மாத வாழ்க்கையின் சுவடு இருக்கும். சாப்பிட்டது, புகைத்தது, குடித்தது, தூங்காமல் கழித்த இரவுகள், ஒருமுறை வந்து போன கடுங்காய்ச்சல் எல்லாமே அதில் பதியும். இரவு விழுங்கினால் காலையில் பலன் என்று எவர் விற்றாலும், அது விந்தணுவுக்கான மருந்தாக இருக்க முடியாது.

பெயருக்கு வால்நட்டைச் சுமந்த மாத்திரை உயிருக்கு உலை வைத்தது. அசல் வால்நட்டையோ ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 117 இளைஞர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினர் 12 வாரம் நாளுக்கு 75 கிராம் வால்நட் சாப்பிட்டார்கள். அவர்களுடைய விந்தணுக்களின் உயிர்ப்பும் நகரும் திறனும் வடிவமும் மேம்பட்டன. பிறகு ஸ்பெயினில் பலவகைக் கொட்டைகளை நாளுக்கு 60 கிராம் கொடுத்துச் செய்த ஆய்விலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான ஆண்கள். கொட்டை தின்றால் குழந்தை பிறக்கும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

துத்தநாக மாத்திரையின் கதை வேறு. விந்தில் துத்தநாகம் நிறைய இருக்கிறது என்பது உண்மை. அதனால் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்த்து விற்கும் மாத்திரைகளை நம்புவோர் பலர். அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. ஆறு மாதம் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. மாறாக, உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறுகள்தான் கூடின.

தேக்காவில் என்ன வாங்கலாம்

சிங்கப்பூரில் தேக்கா சந்தையின் மீன் பகுதியில் கெம்பொங் மலிவாகக் கிடைக்கும். ஊரில் கானாங்கெளுத்தி என்போமே, அதே மீன். மத்தியும் அப்படித்தான். விந்தணுவின் மேலுறை ஒமேகா-3 கொழுப்பால் நெகிழ்வு பெறுகிறது. அந்தக் கொழுப்பு இத்தகைய மீன்களில் தாராளம். வாரம் இரண்டு மூன்று முறை புளிக்குழம்பாக வையுங்கள், எண்ணெயில் மூழ்கப் பொரிக்க வேண்டாம். முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, பூசணி விதை, கொய்யா, தக்காளி என்று மற்றவையும் நாம் அறிந்தவைதான். இவற்றில் எதுவும் தனியாக மாயம் செய்யாது. தட்டு மொத்தமாக மாற வேண்டும். காய்கறி, பருப்பு, மீன், முழுத்தானியம் கூடியும், பதப்படுத்திய இறைச்சி, இனிப்புப் பானம் குறைந்தும் இருக்கும் உணவுப் பழக்கத்தோடுதான் நல்ல விந்துத் தரம் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தொடர்புபடுகிறது.

நம் சமூகத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம். 2010-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7 விழுக்காடு. கட்டுப்படாத நீரிழிவு நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுத்து விறைப்புத் தன்மையைக் குறைக்கிறது, விந்தணுவின் டிஎன்ஏவையும் சிதைக்கிறது. தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே ஆசியர்களுக்கு எச்சரிக்கை என்கிறது சிங்கப்பூர் அளவுகோல். ஆகவே வீரியத்துக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்பவரிடம், நாளுக்கு எத்தனை தே தாரிக் குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறுவது எந்தப் பொடியையும்விடப் பயன் தரும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் சதை வளர்க்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அறவே நின்றுபோனவர்களும் உண்டு. மீண்டும் தொடங்கப் பல மாதங்கள் ஆகலாம்.

ஒரு மாத விடுப்பு

குடும்பத்தை ஊரில் விட்டு இங்கு வந்து வேலை பார்க்கும், ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கூடும் நம் ஊழியர்களுக்கு இந்த அறிவுரையெல்லாம் எளிதல்ல. விடியுமுன் விடுதிக்கு வந்து சேரும் பொட்டலச் சோற்றை நண்பகலில் கட்டுமானத் தளத்தில் பிரித்துச் சாப்பிடுபவரிடம் கெம்பொங் குழம்பு பற்றிப் பேசினால் அது நியாயமாகாது. ஓய்வு நாளில் ஒரு டசன் வாழைப்பழம், வறுத்த நிலக்கடலை, அவித்த கொண்டைக்கடலை, முட்டை என்று வாங்கி வைத்துக்கொள்வது அவர்களால் முடிந்தது. ஊருக்குப் போகும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே சிகரெட்டையும் பீரையும் விட்டுவிடுவது இன்னும் பெரிய உதவி. தீபாவளிக்குப் போகிறவர் ஜூலையிலேயே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்து, கருத்தடையின்றி முறையாக உறவு கொண்டும் கரு தரிக்கவில்லை என்றால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் மனைவியைப் பார்க்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு தரிக்க ஏற்ற நாட்கள் ஆறே ஆறு. கணவர் விமானம் ஏறிய பிறகு 'விசேஷம் உண்டா' என்று ஊரில் கேட்கிறார்களே, அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்?

முதலில் ஆணுக்குப் பரிசோதனை

குழந்தை இல்லை என்றால் பெண்மேல் விழும் இந்தப் பழியைத் துடைக்கும் அறிவியலில் சிங்கப்பூருக்கும் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. தேக்காவுக்கு அருகே இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1983-ல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம். பிறகு அவரும் இங் சூன் சாய், அரிஃப் பொங்சோ ஆகியோரும் விந்தணுவை நுண்ணூசியால் முட்டையின் வெளியுறைக்குள் செலுத்தும் முறையில் முன்னோடிகளானார்கள். அந்த முறையில் கருவான குழந்தை 1989-ல் சிங்கப்பூரில் பிறந்தது. நீந்த வலுவற்ற விந்தணு கொண்ட ஆண்களுக்காகவே உருவான முறை அது. குறை ஆணிடமும் இருக்கலாம் என்பது இங்கே அத்தனை காலத்துக்கு முன்பே ஏற்கப்பட்ட உண்மை. இருந்தும் இன்றும் பல வீடுகளில் மனைவிதான் முதலில் ஸ்கேனுக்குப் போகிறார்.

விந்துப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவோ சுய இன்பமோ இன்றி இருந்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்களைக் கீழ் எல்லையாகக் குறிக்கிறது. அதற்குக் கீழே வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. ஒரு முடிவை மட்டும் நம்பாமல் மருத்துவர் மறுபடி சோதிப்பார். விரைப்பை நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார். அப்படிப் புடைப்பிருந்தால் எவ்வளவு கீரை தின்றாலும் அது போகாது, தேவைப்பட்டால் சிறிய அறுவை சிகிச்சை செய்வார்கள். ஓராண்டு காத்தும் பலனில்லை என்றால், மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதத்திலேயே, பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி இருவரும் சேர்ந்து போங்கள். எந்த மாத்திரை, பொடி, லேகியம் சாப்பிட்டிருந்தாலும் அதன் உறையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.