காது தேறிய கதை – 6: வில்லடி

போன வாரம் காருகுறிச்சி அருணாசலத்தோடு நிறுத்தியிருந்தேன். அந்த நாதசுரம் பிடிக்காது என்று வெளியே சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. வில்லுப்பாட்டை மட்டும் கூசாமல் சொல்வார்கள். ராயகிரி, சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்தில் என் வயசுக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். சின்ன வயசில் வில்லு என்றாலே எரிச்சல் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். கோயில் கொடை விழாவுக்கு ரேடியோ செட் கட்டியதும் இளையராஜா பாட்டுக்குக் காத்துக்கிடப்போம். நாலு பாட்டு ஓடுவதற்குள் வில்லுக்காரர்கள் வந்து குடத்தை இறக்கிவிடுவார்கள். அப்புறம் விடியவிடிய ஒரே இழுவை.

எரிச்சலில் பாதி அந்தக் குழாய் ஸ்பீக்கரால் வந்தது. வில்லில் கட்டிய மணியும் ஜால்ராவும் அதில் காதைக் குத்தும். குடத்தின் அடி வரவே வராது. கனத்த ஓசையைக் குழாய் கொடுக்காது. வில்லுப்பாட்டின் நடை முழுக்கக் குடத்தில்தான் இருக்கிறது. திண்ணையில் புரண்டு படுத்தவனுக்குக் கேட்டது மேலோசை மட்டும்.

மீதிப் பாதி, கதை தெரியாததால் வந்தது. வில்லின் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி ஓர் அடி பாட, இடம்பாடுகிறவர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். சொன்னதையே சொல்கிறார்களே என்று தோன்றும். அந்த இடைவெளியில்தான் அண்ணாவி அடுத்த அடியைக் கட்டுகிறார். நடுவில் டீ குடிக்கப் போனவனும் கதையைத் தவறவிடாமல் வந்து உட்காருகிறான். நாயகன் வெட்டுப்படும் இடம் நெருங்கும்போது வசனம் குறையும், உடுக்கை முறுகும், வீசுகோல் நாணில் பொறி பறக்கும். அண்ணாவியின் ஒரு கண் எப்போதும் சாமியாடி மேல் இருக்கும். அருள் வருகிறவரை வேகத்தை இறக்க மாட்டார். எந்தக் கச்சேரி வித்வானுக்கும் இப்படி ஒரு பொறுப்பு கிடையாது.

எனக்குக் காது திறந்தது முத்துப்பட்டன் கதையில். முத்துப்பட்டன் என்ற பிராமணப் பையன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கப் படிக்கிறான்; மாட்டைக் காக்கப் போய் மாடுபிடிக்க வந்த கள்ளர்களிடம் உயிரை விடுகிறான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் அவன்தான். இன்றும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அடுத்து அமெரிக்காவிலிருந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வந்து, கொடை கொடையாக உட்கார்ந்து பதிவுசெய்து, 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நாம் தூங்கிய ராத்திரிகளில் அவர் விழித்திருந்தார் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் எதுவும் பிடித்துப்போகும் என்ற கருத்தை உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968இல் சோதனைகளோடு முன்வைத்தார். வில்லு விஷயத்தில் அது எனக்குப் பலிக்கவில்லை. வருஷாவருஷம் விழுந்தும் பிடிக்கவில்லை. யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் தாளமே கேட்டது.

கொடைக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நேரமாச்சு என்று வில்லுக்காரர்களைப் பாதிக்கதையில் எழுப்பாதீர்கள். குடத்துக்குத் தனியாக ஒரு மைக் வையுங்கள்.