ரிப்பன் பூவும் வேதியியலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

சிறுமியர் தலையில் வண்ணத்துப்பூச்சி போல் அமர்ந்திருக்கும் ரிப்பன் பூவைக் காணாதவர் எவரும் இரார். ஆனால் அதைச் செய்பவர் யார், எப்படிச் செய்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. கல்லூரி மலருக்குக் கட்டுரை தருமாறு அறிவிப்புப் பலகையில் கண்டபோது, அணுவைப் பற்றியோ விண்கலத்தைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவற்றை நூலகத்தில் பார்த்துத்தான் எழுத வேண்டும். இதை யாரையும் பார்த்து எழுத வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு முதல் இரவுதோறும் நான் செய்துவரும் வேலை இது. ஆண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். அவர்கள் நகைப்பார்கள் என்றுதான் இரண்டு ஆண்டுகளாக இதை மறைத்து வைத்திருந்தேன்.

என் தந்தையார் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர். தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தறி நின்ற வாரங்களில் அடுப்பு எரிவதற்காகத் தொடங்கியதுதான் இந்தப் பூ வேலை. ஃபேன்சி ஸ்டோர்க்காரர்கள் இதை ‘போ’ என்பார்கள். எங்கள் வீட்டில் அது என்றும் பூதான்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அங்குல அகல ரிப்பனில் 20 செ.மீ. துண்டு ஒன்றும், 16 செ.மீ. துண்டு ஒன்றும், ஒடுங்கிய ரிப்பனில் 7 செ.மீ. துண்டு ஒன்றும் வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் துண்டின் இரு முனைகளையும் பின்புறமாக நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று 1 செ.மீ. ஏறும்படி வைத்தால் ஒன்பதரை செ.மீ. நீளமுள்ள தட்டை வளையம் கிடைக்கும். அதன் நடுவில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓட்டுத்தையல் போட வேண்டும். ஐந்தாறு குத்துப் போதும். நூலை இழுத்தால் நடுப்பகுதி சுருங்கி, இரண்டு காதுகளும் தாமாகவே எழும்பி நிற்கும். அந்த நூலையே மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிவிட வேண்டும். இரண்டாம் துண்டு வால். அதையும் நடுவில் சுருக்கிப் பூவுக்கு அடியில் வைத்து, ஒடுங்கிய ரிப்பனால் இரண்டையும் சேர்த்துச் சுற்றிப் பின்புறம் தைத்தால் பூ ஆயிற்று. பிறகு கிளிப்பிலோ ரப்பர் பேண்டிலோ பொருத்துவது எளிது. 25 கஜம் என்று அச்சிட்ட சுருள் ஏறக்குறைய 22.8 மீட்டர் இருக்கும். ஒரு பூவுக்கு 36 செ.மீ. வீதம் 63 பூக்கள் வர வேண்டும் என்பது கணக்கு. 60 வந்தாலே அம்மா மகிழ்ந்துபோவார்.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். இவ்வளவுதான், முனை ஒன்றைத் தவிர.

ரிப்பன் என்பதும் நெய்த துணியே. நீளவாக்கில் பாவு, குறுக்குவாக்கில் ஊடை. ஊடை நூல் கரையில் திரும்பித் திரும்பி ஓடுவதால் பக்கவாட்டில் ரிப்பன் பிரிவதில்லை. குறுக்கே வெட்டிய இடத்தின் கதை வேறு. அங்கே கடைசி ஊடையைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அது கழன்றால் அடுத்தது கழலும். அடுத்தது கழன்றால் அதற்கடுத்தது. சாட்டின் நெசவில் இந்தத் தொல்லை மிகுதி. சாதா நெசவில் பாவு நூல் ஓர் ஊடைக்கு மேலும் அடுத்த ஊடைக்குக் கீழுமாக மாறி மாறிச் செல்லும். சாட்டினிலோ நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஊடைகளைத் தாண்டிய பிறகே ஒருமுறை அடியில் புகும். அந்தத் தாண்டலால் வருவதுதான் பளபளப்பு. பிடிமானம் குறைவதும் அதனாலேயே. முனையைச் சாய்வாக வெட்டினால் ஓரளவு தாங்கும். ஏனெனில் அப்போது வெட்டுப்பட்ட ஒவ்வோர் ஊடையும் ஒரு பக்கக் கரையையாவது பற்றிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் அப்பா. தறியடியில் நிற்பவருக்குத் தெரியாததா?

இடையில் ஒரு செய்தி. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்னும் ஊர் பட்டு ரிப்பன் நெசவாலேயே பிழைத்திருந்த ஊர். 1860-இல் பிரான்சோடு செய்துகொண்ட வணிக உடன்பாட்டின்படி பிரெஞ்சு ரிப்பன்கள் வரியின்றி வந்து இறங்கின. தறிகள் நின்றன. நெசவாளர்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டே போயினர். இதைப் படித்து அப்பாவிடம் சொன்னேன். “அங்கயும் அப்பிடித்தானா?” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

நிற்க. முனை பிரியாமலிருக்க என்ன வழி? மெழுகுவத்தி ஏற்றி, வெட்டிய ஓரத்தைச் சுடரருகே ஒரு நொடி காட்டி எடுத்தால், நூல்களின் நுனிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடி போன்ற மெல்லிய கரை உண்டாகும். சுடரின் மஞ்சள் பகுதியில் காட்டினால் வெள்ளை ரிப்பன் கறுத்துப்போகும். அங்கே ஒளிர்வன எரியாத கரித்துகள்களே. அடியிலுள்ள நீலப் பகுதியின் பக்கவாட்டில்தான் காட்ட வேண்டும். மைக்கேல் பாரடே மெழுகுவத்தி ஒன்றையே வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு வேதியியல் சொற்பொழிவு நிகழ்த்தினார். அது 1861-இல் நூலாகவும் வந்தது. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகியவர் அவர். அவருடைய படிப்பும் பட்டறையில்தான் தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சுடர் வேலை வீட்டில் என்னுடையது. அம்மாவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. என் வலக்கைப் பெருவிரலில் ஒரு வடு உண்டு. உருகிய நைலான் சொட்டு விழுந்த இடம் அது. வெந்நீர் பட்டால் வழிந்தோடிவிடும். உருகிய நைலானோ ஒட்டிக்கொண்டு, உறையும் வரை தன் வெப்பத்தையெல்லாம் அந்த ஓரிடத்திலேயே இறக்கும். அதைப் பதறிப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். குளிர்ந்த நீரில் நெடுநேரம் காட்டுவதே முறை. நான் பிய்த்தேன். முதலாண்டில் ஆய்வகத்தில் ஒரு பேராசிரியர் அந்தப் புண்ணைப் பார்த்து, “என்னப்பா இது?” என்று கேட்டார். பன்சன் சுடர் பட்டுவிட்டது என்றேன். கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் இந்த மலரைப் படிப்பார். பன்சன் சுடர் அன்று, ஐயா.

இனி, நான் செய்த பெரும்பிழைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் 20 டஜன் பூ கேட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு என்றார்கள். எல்லாம் வால் வைத்த பூ. செலவு போக டஜனுக்கு 45 ரூபாய் நிற்கும். ஆக 900 ரூபாய். என் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு என்று அம்மா அதை முன்னதாகவே மனத்தில் முடிந்து வைத்துவிட்டார். அந்த வாரம் பார்த்து ஊரில் ஓர் இழவு. அம்மா மூன்று நாள் போய்விட்டார். நானே ஈரோடு சென்று நான்கு சுருள் வாங்கினேன். வழக்கமாக வாங்கும் கடையைவிட விலை குறைவு. “சாட்டின்தானே?” என்று கேட்டேன். “சாட்டின்தான் தம்பி” என்றார் கடைக்காரர்.

240 பூக்கள். வெளியே தெரியும் வால் முனைகள் 480. இரண்டு இரவுகள் சுடர்முன் அமர்ந்தேன். ஓரம் உருகவில்லை, கருகியது. மெழுகுவத்தி சரியில்லை போலும் என்று எண்ணிக் கருகலை விரலால் தட்டித் தட்டி உதிர்த்துவிட்டுக் கட்டி முடித்தேன். கடையிலும் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் 17 டஜன் திரும்பி வந்தது. வால்கள் எல்லாம் துடைப்பம் போல் பிரிந்திருந்தன.

அம்மா திட்டவில்லை. ஒரு பூவை எடுத்து முனையிலிருந்து ஒரு நூலை உருவி, விளக்கில் காட்டி முகர்ந்தார். “இது காயிதம் நாறுது கண்ணு. நைலானு இப்பிடியா நாறும்? உனக்கு மூக்கு எங்க போச்சு?” என்றார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் அன்று. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், ரேயானிலும் நெய்யலாம், நைலானிலும் பாலியெஸ்டரிலும் நெய்யலாம். நான் கேட்ட கேள்வியே தவறு. பல்லுறுப்பிகளைப் பற்றிய பாடம் எங்களுக்குப் பின்னர்தான் வந்தது. அதைக் கேட்டபோது வகுப்பில் எவருக்கும் இல்லாத பரபரப்பு எனக்கு இருந்தது. நைலான் 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் குழுவினர் ஆக்கியது. பாலியெஸ்டர் இழைக்கான பொருளை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் கண்டனர். இவை இரண்டிலும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வெப்பத்தால் ஒன்றையொன்று விட்டு நழுவும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் வகைக்கேற்ப 220-இலோ 265-ஐ ஒட்டியோ உருகும். ஆறினால் மீண்டும் இறுகும். ரேயான் அப்படிப்பட்டதன்று. அது மரக்கூழிலிருந்து வந்த செல்லுலோஸ். பருத்தியும் காகிதமும் அதே இனம். அதன் சங்கிலிகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் மிகுதி. அவை விட்டுக்கொடுத்து உருகுவதற்கு முன்பே சங்கிலியே சிதைந்து கரியாகிவிடும். அதனால்தான் என் 480 முனைகளும் கருகின.

அம்மாவின் சோதனையைப் பின்னர் நான் நூல் நூலாகச் செய்து பார்த்தேன். ரேயானும் பருத்தியும் சட்டென்று பற்றி எரிந்து, காகித மணம் வீசி, விரலில் நொறுங்கும் மெல்லிய சாம்பலாகும். பட்டு மெதுவாக எரியும். முடி பொசுங்கும் நாற்றம் வரும். மிஞ்சும் கறுப்பு மணியை நசுக்கினால் பொடியாகும். நைலானும் பாலியெஸ்டரும் சுடரைக் கண்டதுமே சுருங்கிப் பின்வாங்கி, உருகி, நசுக்க முடியாத கெட்டி மணியாகும். பாலியெஸ்டரில் கரும்புகையும் ஒருவித இனிப்பு வாடையும் உண்டு. சோதிப்பவர்கள் ஒரு நூலை மட்டும் இடுக்கியில் பிடித்து, அருகில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இவற்றில் எந்த ஒன்றையும் அம்மா பெயர் சொல்லி அறியார். ‘காயித நாத்தம்’, ‘மசுரு நாத்தம்’, ‘மணி கட்டறது’ என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். நானும் அந்த மூன்றை நம்பித்தான் இன்று ரிப்பன் வாங்குகிறேன்.

திரும்பி வந்த 17 டஜனை என்ன செய்வது? நீர் கலந்த பசையை முனையில் தடவி உலர்த்தலாம் என்றேன். அதுவும் ஒரு வழிதான். ஆனால் ஓரம் விறைத்து வெள்ளை பூத்தது. அம்மா ஓர் இரவு முழுதும் பூவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாலைப் பிரித்து எடுத்துவிட்டார். வால் இல்லாத பூவில் வெட்டிய முனைகள் இரண்டும் நடுச்சுற்றுக்கு அடியில் போய்விடுகின்றன. பிரிவதற்கு வெளியே எதுவுமே இல்லை! பிரித்தெடுத்த 16 செ.மீ. வால்களின் நைந்த நுனியை வெட்டிவிட்டு, அவற்றிலும் ஒவ்வொரு சிறு பூ கட்டினோம். கைக்குழந்தைகளுக்கு ஏற்ற அளவு. ஆக 204 பெரிய பூ, 204 சிறிய பூ. நடுச்சுற்று ரிப்பனும் கிளிப்பும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வாரச் சந்தையில் வைத்து விற்றோம். கைமுதல் வந்தது, 900 வரவில்லை. தேர்வுக் கட்டணத்தை அப்பா முன்பணமாக வாங்கிக் கட்டினார். அந்தப் பணம் கழியும் வரை ஞாயிற்றுக்கிழமையும் தறிக்குப் போனார்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேலையை விரைவாக்கும். ஆனால் அந்தப் பசையும் வெப்பத்தால் இளகும் இனமே. நம் கோடையில் வெயில் படும் இடத்தில் வைத்தால் கிளிப்பும் பூவும் தனித்தனியே பிரிந்து கிடக்கும். தைத்தது அப்படிப் போகாது. எண்ணெய் தடவி வாரிய தலையில் வழுக்கும் கிளிப் நில்லாது. அதன் உட்புறம் வெல்வெட் துண்டு ஒட்டினால் வழுக்காது, மெல்லிய முடியையும் பிடுங்காது. பாலியெஸ்டர் தண்ணீரை ஏற்காது, எண்ணெயை விடாது. ஆகவே எண்ணெய்க் கறை படிந்த பூவை வெறும் நீரில் அலசிப் பயனில்லை. சோப்பு நீரில் உடனே அலச வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. சிறு குழந்தைகளுக்கான பூவில் மணியோ முத்தோ வைக்கவே கூடாது. கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும். தலையைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டையும் இறுக்கமாக இருத்தலாகாது. உறங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். முத்து வைத்துக் கேட்கும் கடைகள் உண்டு. அம்மா கட்டித் தருவதில்லை.

சென்ற மாதமும் ஈரோட்டில் அதே கடைக்குத்தான் ரிப்பன் வாங்கப் போனோம். எங்களைக் கண்டதும் கடைக்காரர் சுருளை எடுக்கும் முன்பே மேசை அறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.