தையல் துண்டில் பெரிய மணிமாலை: நாமே செய்வோம், கணக்கும் பார்ப்போம்



கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மேடம், டிவியில காட்டன் சேலைக்குக் கழுத்து நிறைய பெரிய பெரிய மணி வச்சு மாலை போடுறாங்களே, அது கடையில 300, 400 சொல்றாங்க. நாமளே செய்ய முடியாதா?" முடியும். அதுவும் நம் வீட்டு மூலையில் மூட்டை கட்டிப் போட்டிருக்கும் ஜாக்கெட் வெட்டிய துண்டை வைத்தே முடியும்.

மணிமாலையில் பல வகை இருக்கிறது. கியர் வயரில் கண்ணாடி மணி கோர்த்து, குறடால் நசுக்கிக் கொக்கி மாட்டுவது ஒரு வகை. பார்க்க அழகுதான். ஆனால் வயர், கொக்கி, வளையம், குறடு என்று எல்லாமே காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்கள்தான் அதிகம். அதனால் துணிக்குள் மணியை வைத்துக் கட்டும் மாலையைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

முதலில் மணி. 20 மி.மீ. அளவுள்ள மரமணி 11 போதும். கிட்டத்தட்ட நம் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருக்கும். துணிக்குள் மறைந்துவிடுவதால் சாயம் போட்ட மணி வேண்டாம், வெறும் மரமணியே விலை குறைவு. சில அக்காமார் பிள்ளைகளின் கோலிக்குண்டை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் கண்ணாடி கனம். 20 மி.மீ. கண்ணாடிக் குண்டு ஒன்று சுமார் 10 கிராம் வரும், 11 குண்டு என்றால் 100 கிராமுக்கு மேல். அரை நாள் போட்டால் பிடரி வலிக்கும். மரமணி என்றால் மொத்தமும் 30 கிராம் சுமாருக்குள் முடிந்துவிடும். தெர்மாகோல் உருண்டை லேசுதான், ஆனால் இறுக்கிக் கட்டும்போது நசுங்கிவிடுகிறது. ஒரு மாலை செய்து கை பழகுவதற்கு மட்டும் துணித் துணுக்கையே உருட்டி நூல் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், செலவே இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எந்த மாலையிலும் கோர்க்காதீர்கள். அதன் உள்ளே இருப்பது கடும் விஷம். ஓட்டை போட்ட பிறகோ, குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலோ உயிருக்கே ஆபத்து.

அடுத்தது துணி. மெல்லிய காட்டன்தான் நல்லது. பட்டும் சிந்தெடிக்கும் கையில் வழுக்கும், கட்டு நிற்காது. சின்னப் பூ, சின்னப் புள்ளி, சின்னக் கட்டம் போட்ட துணி எடுங்கள். பெரிய பூ என்றால் மணி மேல் அதன் பாதிதான் தெரியும், அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும். மதுரை சுங்குடியின் புள்ளி இதற்கென்றே வந்த மாதிரி பொருந்தும். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்த் துணி அது, பழைய சுங்குடிச் சேலை கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். பிறகு வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். கழுத்து வியர்வையும் உப்புத் தண்ணீர் மாதிரிதானே, வாங்கினவரின் ஜாக்கெட்டில் சாயம் இறங்கினால் அடுத்த முறை நம்மிடம் வரமாட்டார்.

இனி வேலை. 3¼ அங்குல அகலம், 44 அங்குல நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். அவ்வளவு நீளத் துண்டு இல்லையென்றால் இரண்டு மூன்று துண்டை ஒட்டுப்போடலாம், ஒட்டு வரும் இடம் கட்டுக்குள் போகிற மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு மெஷினில் ஒரே தையல். இப்போது குழாய் மாதிரி ஆகிவிடும். ஒரு முனையில் சேப்டி பின்னைக் குத்தி, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலவே உள்ளே தள்ளித் தள்ளி மறுமுனையில் இழுத்தால் நல்ல பக்கம் வெளியே வந்துவிடும். மணி உள்ளே போகவில்லை என்றால் தையல் ஓரம் அதிகமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம், பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் முழு நீளத்தையும் தைக்கும் முன் நாலு விரற்கடை தைத்து ஒரு மணியை விட்டுப் பாருங்கள்.

பட்டையின் நடுவில் ஊசியால் ஒரு அடையாளம் வைத்து, முதல் மணியை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். மணிக்கு இரண்டு பக்கமும் ஜரிகை நூலோ எம்ப்ராய்டரி நூலோ ஆறேழு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, நூல் நுனியை ஊசியால் உள்ளே செருகிவிடுங்கள். பிறகு வலப்பக்கம் ஒரு மணி, இடப்பக்கம் ஒரு மணி என்று மாறி மாறி வையுங்கள். ஒரு பக்கமே வைத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டையாக நிற்கும். தையல் கோடு எப்போதும் பின்பக்கம், கழுத்தைத் தொடும் பக்கமே இருக்கட்டும். 11 மணியும் முடிந்ததும் இரண்டு பக்கமும் 14 அங்குலம் போல மிச்சம் இருக்கும். முனைகளை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் அதுவே பின்னால் முடிச்சுப் போடும் கயிறு. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் அதே மாலை பொருந்தும். கவரிங் ஒத்துக்கொள்ளாமல் கழுத்து அரிக்கும் பெண்களும் இதைப் போடலாம், ஜரிகை இல்லாமல் எம்ப்ராய்டரி நூலால் கட்டினால் உலோகமே இல்லையே.

நூல் சுற்றுவதற்குப் பதில் துணியிலேயே முடிச்சுப் போட்டும் செய்யலாம். அது இன்னும் எடுப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முடிச்சும் சுமார் 2 அங்குலத் துணியை விழுங்கும், பட்டை ஐந்தரை அடிக்குக் குறையாமல் வேண்டும்.

வீட்டுக்குச் செய்து போட்டுக்கொள்வதோடு நிறுத்தினால் இவ்வளவு போதும். விற்க நினைப்பவர்கள் கணக்கையும் படியுங்கள். துணி புதிதாக வாங்கினால், 44 அங்குலப் பன்னா துணி ஒரு மீட்டரில் 12 பட்டை வெட்டலாம். மீட்டர் 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாலைக்கு 10 ரூபாய். மணி ஒன்று 2 ரூபாய் என்றால் 22. நூல் 3, கவரும் அட்டையும் 5. மொத்தம் 40 ரூபாய். இங்கேதான் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். "40 ரூபாய் ஆச்சு, 70க்குக் கொடுத்தா 30 லாபம்" என்கிறோம். ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து கட்டினோமே, அது யார் கணக்கு? அதே நேரம் வேறு வேலைக்குப் போனால் கூலி உண்டுதானே. மணிக்கு 50 ரூபாய் கூலி, பஸ் செலவில் பங்கு 10 ரூபாய் சேர்த்தால் அடக்கம் 100. கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொள்வதாக வையுங்கள், 150 ரூபாய் விலை போட்டால் நம் கைக்கு 105. அப்போதும் லாபம் என்று வருவது 5 ரூபாய்தான். இந்த விலை எல்லாம் ஓர் உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

நேரடியாக விற்பது இதனால்தான் முக்கியம். பூமாலை வணிக வளாகம், கல்லூரிச் சந்தை, கண்காட்சி இவற்றைப் பற்றி மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்த மாலையை விரும்பிப் போடுவது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியைகளும்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் இதை வாங்கமாட்டார்கள், அங்கே தங்கம் மாதிரி மின்ன வேண்டும்.

இப்போது ஒரு எச்சரிக்கை. "ஆளுக்கு 5,000 முன்பணம் கட்டுங்க, மணி, நூல் எல்லாம் நாங்க தர்றோம், செஞ்ச மாலையை நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை கொஞ்சம் மாலை எடுத்துப் பணமும் தருவார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேருவார்கள். பிறகு "பினிஷிங் சரியில்லை" என்று திருப்பிவிடுவார்கள், அதற்கப்புறம் போனை எடுக்கமாட்டார்கள். முன்பணத்துக்காகக் குழுவில் எடுத்த உள்கடன் மட்டும் நம் தலையில் நிற்கும், மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும். வேலை கொடுக்கிறவர் நமக்குக் கூலி தர வேண்டுமே தவிர நாம் ஏன் அவருக்குப் பணம் கட்ட வேண்டும்? யாராவது இப்படி வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் வையுங்கள், முகவரி, ரசீது, எழுத்து ஒப்பந்தம் கேளுங்கள், பேசினதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதணும் என்று சொன்னாலே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால் மாவட்டத்தில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. எந்தத் தொழிலுக்கு எப்போது பயிற்சி என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் லேசாக அலசி நிழலில் உலர்த்துங்கள். மரமணி ஊறிப்போகும், அதனால் ஊறவைக்கக் கூடாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் குழந்தையைத் தூக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள், பிள்ளைகள் இழுத்து வாயில் வைக்கும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பட்டையும் ஊசி நூலும் எடுத்து வாருங்கள். 11 மணி கட்ட யாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். அந்த நேரத்தை வைத்துத்தான் விலை போட வேண்டும்.