எளிய லினக்ஸ் ஒன்று கட்டுவோம்

1991 இல் லினக்சை வெளியிட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்தில் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர், வயது 21. ஏறத்தாழ நம் வயதன்றோ!

அவர் அளித்தது கெர்னல் எனும் கருவை மட்டுமே. நினைவகத்தைப் பங்கிடுவதும், வன்வட்டையும் விசைப்பலகையையும் இயக்குவதும் அதன் வேலை. கோப்புகளைக் காட்டவும் நகலெடுக்கவும் சிறு நிரல்கள் தனியே வேண்டும். அத்தகைய பலவற்றை ஒரே நிரலில் அடக்கியதே பிசிபாக்ஸ். ஒரு ஃபிளாப்பிக்குள் முழு அமைப்பும் அடங்க வேண்டுமென்று 1995 இல் புரூஸ் பெரென்ஸ் எழுதியது. அழைக்கும் பெயருக்கேற்ற வேலையைச் செய்யும். கூத்தில் ஒருவரே பல வேடம் கட்டுவதுபோல!

இவ்விரண்டையும் தொகுத்து, 'இனிட்' என்னும் ஆணைக்கோப்பைச் சேர்த்தேன். கரு முதலில் ஓட்டுவது இனிட்டைத்தான். அது இடையில் முடிந்துவிட்டால் 'கெர்னல் பேனிக்' என்று அறிவித்து எல்லாம் நின்றுவிடும். ஆகவே அதன் கடைசி வரி ஷெல்லிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

சோதிக்க உதவியது கியூஎமு. கணிப்பொறிக்குள்ளேயே கற்பனைக் கணிப்பொறி ஒன்றை அது உண்டாக்கும். 64 மெகாபைட் நினைவகமே கொடுத்தேன். நொடிகளில் ஷெல் வந்தது!

ஏன் இந்தப் பாடு? விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் நினைவகம் கேட்கிறது. ஆய்வக மூலையில் 1 கிகாபைட் பொறிகள் கழிவுக்குக் காத்திருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்; வீட்டில் கணிப்பொறி இல்லை. எனக்கு அவை குப்பையல்ல.

ஆனால் கியூஎமுவில் தேறினால் மட்டும் போதாது. மெய்யான பொறியின் வன்வட்டுக்குரிய இயக்கி நிரல் கருவில் இருந்தாக வேண்டும். சி மொழி பழக 'டைனி சி' தொகுப்பி ஏற்றது; மிகச் சிறியது. எழுதியவர் கியூஎமுவைப் படைத்த அதே ஃபப்ரிஸ் பெல்லார்ட்தான்.