வடிகட்டியும் வீட்டுப்பாடமும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல், 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊராகும். நாட்டின் பெரும்பாலான நகரங்கள் மண்ணெண்ணெய் விளக்கை நம்பியிருந்த காலத்தில், சுரங்கத் தேவையை முன்னிட்டு இவ்வூருக்கு அவ்வசதி வந்து சேர்ந்தது. தொழில்நுட்பம் முதலில் வந்தடைந்த இடத்தில் அதன் பயன் எல்லா வீடுகளையும் சமமாகச் சென்றடைந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளின் வரலாறு இதற்குச் சான்றாகும். இன்று அதே வீடுகளில் திறன்பேசியின் வாயிலாக இணையம் வந்துள்ளது. பிள்ளைகள் அதனைப் பாடத்திற்குப் பயன்படுத்த முனையும்போது, அவர்களுடைய நலன் கருதிப் பெற்றோர் அமைத்த கட்டுப்பாடுகளே சில வேளைகளில் பாடத்திற்குத் தடையாகிவிடுகின்றன.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அதன் பின்னர் இவ்வூரின் பொருளாதாரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரைச் சார்ந்ததாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் இரயிலில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் மிகப் பலர். பெற்றோர் நாளெல்லாம் வெளியில் இருக்கும் வீட்டில் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துச் செல்லும்போது, ஏதேனும் ஒரு காவல் வேண்டும் என்று அவர்கள் கருதுவது இயல்பே. மென்பொருள் வடிகட்டி அக்காவலை விலையின்றித் தருவதாகக் கூறுகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

வடிகட்டி இயங்கும் முறை

பெற்றோர் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் பொதுவாக நான்கு வழிகளில் செயல்படுகின்றன. தளங்களை வகை பிரித்து வைத்துள்ள பட்டியலைக் கொண்டு சிலவற்றைத் தடுப்பது ஒன்று. பக்கத்தில் அல்லது தேடலில் குறிப்பிட்ட சொல் இருந்தால் மறிப்பது மற்றொன்று. அனுமதித்த தளங்களை மட்டும் திறக்கவிடுவது மூன்றாவது. நாள் ஒன்றுக்கு இத்தனை மணி நேரம் என்று வரையறுப்பது நான்காவது.

இவற்றுள் எதுவும் பக்கத்தைப் படித்துப் பொருளுணர்ந்து தீர்ப்பளிப்பதில்லை என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளவேண்டும். அண்மைக்கால மென்பொருள்கள் சில, சூழலை ஓரளவு கணித்தறிய முயல்கின்றன என்பது உண்மையே. எனினும் வீடுகளில் பயன்படும் பெரும்பாலானவை பட்டியலையும் அடையாளத்தையுமே நம்பியுள்ளன. மேலும், இணையப் போக்குவரத்து இப்போது பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. விக்கிப்பீடியா 2015ஆம் ஆண்டிலேயே முழுமையாக அம்முறைக்கு மாறிவிட்டது. இதன் விளைவாக, கருவிக்கு வெளியே இணைப்பு மட்டத்தில் அமைந்த வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியுமேயன்றி, எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒரு கட்டுரையை மறிக்க வேண்டுமாயின் கலைக்களஞ்சியம் முழுவதையும் மறிக்கவேண்டும். அன்றேல் முழுவதையும் விடவேண்டும்.

பாடத்தளம் ஒன்றை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அத்தளத்தில் உள்ள காணொளியோ படமோ பல நேரங்களில் வேறொரு தளத்திலிருந்து வருவதாகும். அத்தளம் தடுக்கப்பட்டிருந்தால் பக்கம் திறக்கும். காணொளி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும். பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டைக் காட்டியும் பாடம் வரவில்லையெனில், மாணவர் நூலைக் குறை கூறுவார். ஆசிரியர் மாணவரைக் குறை கூறுவார். காரணம் இருவருக்கும் புலப்படுவதில்லை.

கோலார் தங்கவயல் மாணவர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றைச் செயல்திட்டமாக எழுத முற்படுவதாகக் கொள்வோம். தங்கத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க உதவியது சயனைடு. அதன் எச்சமாகக் குவிந்துள்ள மண்மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு உள்ளது. பாறையை உடைத்தது வெடிமருந்து. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியபோது பாறைவெடிப்பு விபத்துகள் உயிர்களைக் குடித்தன. சயனைடு, வெடிமருந்து, மரணம் ஆகிய இம்மூன்று சொற்களையும் தவிர்த்து இவ்வூரின் வரலாற்றை எழுத இயலாது. வடிகட்டிப் பட்டியல்களில் நஞ்சு, ஆயுதம், தற்கொலை ஆகிய வகைகளுக்கு உரியனவாகக் கருதப்படக்கூடிய சொற்களும் இவையே. மாணவர் தம் பாட்டனார் செய்த தொழிலைத் தேடுகிறார்; வடிகட்டி ஆபத்தைக் காண்கிறது. கெடுபிடியைத் தளர்த்தினால் ஊரின் சுருக்கப் பெயரைத் தட்டியவுடன் 2018லும் 2022லும் வெளிவந்த திரைப்படங்களே முன்வந்து நிற்கும் என்பது தனிக்கதை.

தமிழுக்கு உரிய சிக்கல்

சொல் அடிப்படையிலான வடிகட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு உருவானவை. ஆங்கிலத்திலேயே இவை இடறியதுண்டு. 1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகர மக்கள் ஓர் இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமற் போயிற்று. ஊர்ப் பெயரின் நடுவே ஒரு தகாத சொல் எழுத்தளவில் அமைந்திருந்ததே காரணம். தமிழ், சொல்லோடு சொல்லும் உருபும் ஒட்டி நடக்கும் மொழியாதலால் இவ்விடர் இங்கு மிகுதி. மது என்னும் எழுத்துத் தொடரைத் தேடும் வடிகட்டி மதுரையிலும் அதனைக் காணும். போதை என்பதைத் தடுத்தால் ‘அப்போதைய முதலமைச்சர்’ என்று எழுதிய வரலாற்றுப் பாடம் மறிக்கப்படும். கொல் என்பதைத் தடுத்தாலோ கொல்லிமலை, கொல்லன் பட்டறை, கொல்கத்தா அனைத்தும் போய்விடும். இலக்கியமும் விலக்கன்று, சங்கப் பாடல்களும் சிலப்பதிகாரமும் உடலுறுப்புகளை இயல்பாகப் பெயர் சொல்லி வழங்குபவை. முழுச் சொல்லாக மட்டும் தேடினாலோ, உருபேற்ற வடிவங்கள் யாவும் தப்பிவிடும். ஆக, தடுக்கவேண்டியதை விடுவதும் விடவேண்டியதைத் தடுப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன.

கெடுபிடியின் பயனும் விலையும்

கட்டுப்பாட்டைக் கூட்டினால் பாதுகாப்பும் அதே அளவு கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அமெரிக்காவின் கெய்சர் குடும்ப அறக்கட்டளை 2002 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் பயன்பட்ட வடிகட்டிகள் மிகத் தளர்ந்த நிலையில் ஆபாசத் தளங்களில் 87 விழுக்காட்டைத் தடுத்தன. உடல்நலத் தகவல் தளங்களில் 1.4 விழுக்காட்டை மட்டுமே தவறாக மறித்தன. மிகக் கடுமையான நிலையில் ஆபாசத் தடுப்பு 91 விழுக்காடாயிற்று. உடல்நலத் தகவலின் இழப்போ 24 விழுக்காட்டை எட்டியது. நான்கு விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதல் காவலுக்காக இழப்பு பதினேழு மடங்காகிறது. இறுதிநிலைப் பயனையும் இறுதிநிலைச் செலவையும் ஒப்பிடும் பொருளியல் மாணவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆய்வு பழையது; மென்பொருள்கள் மாறியுள்ளன. ஆயினும் கடுமையைக் கூட்டக் கூட விளைவு எத்திசையில் செல்லும் என்பதை அவ்வெண்கள் உணர்த்துகின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடத்தைப் படிக்கும் மாணவியே அவ்விழப்பை முதலில் உணர்வார்.

நேரக் கட்டுப்பாட்டிலும் இதே முரண் உண்டு. மத்திய கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டு நெறிகள், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு இணைய வகுப்புகள் வரை நடத்தலாம் என்றன. அதாவது மூன்று மணி நேரம் வரை. கைப்பேசியில் இரண்டு மணி நேர வரம்பு வைத்த வீட்டில் மூன்றாம் வகுப்பின் நடுவிலேயே திரை அணைந்துவிடும். விளையாட்டுக்குச் செலவான மணியையும் கணிதத்திற்குச் செலவான மணியையும் அந்த வரம்பு வேறுபடுத்துவதில்லை.

இவ்விலையை எல்லாக் குடும்பங்களும் ஒரே அளவில் செலுத்துவதும் இல்லை. நாட்டின் ஊரகப் பகுதிகளைப் பற்றிய 2021ஆம் ஆண்டு ‘அசர்’ ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளில் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால் அத்தகைய பிள்ளைகளில் 26.1 விழுக்காட்டினருக்கு அது கையில் கிடைக்கவேயில்லை. கோலார் தங்கவயல் நகராட்சிப் பகுதி. இவ்வெண்களை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. எனினும் ஒற்றைக் கைப்பேசிக் குடும்பம் என்பது இங்கும் அறிமுகமானதே. மேசைக் கணினியும் தனிப் பயிற்சி ஆசிரியரும் உள்ள வீட்டில் ஒரு வழி அடைபட்டால் வேறு வழி உண்டு. லைன் வீட்டில் அதுவே ஒரே வழி.

சட்டத்தின் நிலை

அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், கூட்டாட்சி அரசின் இணைய உதவி பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைக்கவேண்டும் என்றது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை நூலகங்கள் பொறுத்து ஏற்றபோது, வயது வந்தோர் கேட்டால் நூலகர் வடிகட்டியை நீக்கித் தரலாம் என்பதைக் கருத்திற் கொண்டது. இங்குக் கவனிக்கத் தக்கது, கேட்பதற்கு அருகில் ஒருவர் இருக்கிறார் என்பதே. வீட்டுக் கட்டுப்பாட்டில் அந்த நூலகரின் இடத்தில் இருப்பவர் பெற்றோர். சில மென்பொருள்களில் அனுமதி வேண்டுகோள் அவர் கைப்பேசிக்கே செல்லும். அவரோ பணியிடத்தில் அல்லது இரயிலில்.

நம் நாட்டில், கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. கல்லூரி விடுதி ஒன்று மாணவியர் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி பயன்படுத்தலாகாது என விதித்தது. ஏற்காத மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் பகுதியும், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் தனியுரிமையின் பகுதியும் ஆகும் எனக் கூறி, அவரை மீண்டும் சேர்க்க நீதிமன்றம் ஆணையிட்டது. அம்மாணவி வயது வந்தவர். பத்து வயதுப் பிள்ளையின் பெற்றோரை இத்தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஒழுங்கு என்ற பெயரில் படிப்பு நேரத்தையே அடைக்கும் விதி நியாயமாகுமா என்று அது எழுப்பிய வினா வீட்டுக்கும் பொருந்தும்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளை அளித்துள்ளன. விளம்பர நிறுவனங்களைத் தடுப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் ஆறு வயதுப் பிள்ளையையும் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் பதினேழு வயது மாணவரையும் ஒரே வரம்பில் வைப்பது நடைமுறையில் இடர் தரும். பிள்ளையின் ஒவ்வொரு தேடலையும் பதிவு செய்யும் கண்காணிப்பு மென்பொருளும் ஒரு தரவுச் சேகரிப்பே என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகின்றனர்.

செய்யத்தக்கவை

வடிகட்டியை அகற்றிவிடுவது தீர்வாகாது. சிறு பிள்ளைகளுக்கு அது தேவை. சூதாட்டச் செயலிகளும் ஏமாற்று வலைகளும் கற்பனையல்ல. தளர்ந்த நிலையில் வைத்து, தேடுபொறியின் பாதுகாப்புத் தேடலை இயக்கி, வயதுக்கேற்ப ஆண்டுதோறும் தளர்த்திச் செல்வதே மேற்கண்ட எண்களுக்கு இசைந்த வழியாகும். நேர வரம்பில் பாடச் செயலிகளுக்கு விலக்களிக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் குறைவு.

பள்ளியின் பங்கு இதில் பெரிது. செயல்திட்டம் கொடுக்கும் ஆசிரியர், தேவைப்படும் தளங்களின் பெயர்களை, அவற்றின் காணொளி எங்கிருந்து வருகிறது என்பது உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், பெற்றோர் அவற்றை இரவில் ஒருமுறை அனுமதித்துவிட்டு மறுநாள் விடியலில் இரயிலேறலாம். அத்தாள் பெற்றோர் படிக்கும் மொழியில் இருக்கவேண்டும். தமிழ் பேசும் மக்கள் மிகுந்த கோலார் தங்கவயலில், கன்னட அல்லது ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை பாட்டியின் கையில்தான் முதலில் சேர்கிறது.